மேலேயிருந்து வந்த விசில்

மேலேயிருந்து விசில் சத்தம் கேட்டதும் டீச்சர் அழுதே விட்டாள். "வந்துட்டாங்க! என்னங்க, கண்ணைத் திறங்க, நம்மளைத் தேடி வந்துட்டாங்க!"

கணவர் பாறைக் குடைவுக்குள் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். இடது முழங்கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. முந்தின நாள் மதியம் உச்சியிலிருந்து இறங்கும்போது மேகம் வந்து மூடிக்கொண்டது. வழி தவறியதும், சரளைக்கல் சரிவில் அவர் உருண்டதும் அப்போதுதான். ராத்திரி முழுக்க ஒரே சால்வைக்குள் இருவரும் பல் கிட்டிக் கிடந்தார்கள்.

அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் இல்லாவிட்டால் செருப்பில்லாமல் தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும் அவளுக்கு. லீவு நாளில்கூட மாட்டிக்கொண்டு வந்த அந்தப் பழக்கம் இப்போது கை கொடுத்தது.

மலையடிவாரத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுத்த வனக் காவலர், எல்லாரிடமும் சொல்வதை இவர்களிடமும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "ஆபத்துன்னா மூணு மூணா ஊதுங்க. ஊதிட்டு இருந்த இடத்துலயே இருங்க. நாங்க வந்துடுவோம்."

விடிந்ததிலிருந்து உதடு வெடிக்க ஊதிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் பதில் வந்திருக்கிறது. நம்ப முடியாமல் மறுபடி மூன்று ஊதினாள். மேலேயிருந்தும் மூன்று வந்தது.

"கேட்டுச்சா? கேட்டுச்சாங்க?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. இத்தனை வருஷமா நீ ஊதி ஊர்ப் பிள்ளைங்களை ஓட விட்டே. இன்னைக்கு உனக்கும் ஒருத்தன் ஊதுறான் பாரு." சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

காத்திருந்தார்கள். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இவள் ஊதினால் அங்கிருந்தும் ஊதினார்கள். ஆனால் சத்தம் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"ஏங்க கீழே இறங்கி வர மாட்டேங்கறாங்க?"

"கயிறு கட்டிட்டிருப்பாங்க. அவசரப்பட்டா முடியுமா?"

"பாறை மறைக்குதோ என்னமோ. நாம இருக்கற இடம் தெரியலை அவங்களுக்கு."

அவர் பதில் சொன்னார். ஆனால் நாக்கு குழறியது. உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னொரு ராத்திரி இவர் தாங்க மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"நாமளே மேலே போயிடலாம்," என்றாள்.

"அசையாம இருக்கச் சொன்னாங்களே."

"அது வர்ற வரைக்கும். இப்பதான் வந்துட்டாங்களே! எழுந்திருங்க."

பையைச் சுமக்கத் தெம்பில்லை. குடைவின் சுவரில் கசிந்த நீரை ஆளுக்கு இரண்டு வாய் குடித்தார்கள். பையையும் சால்வையையும் அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மேலே கம்பளி வைத்திருப்பார்கள், சூடாக ஏதாவது குடிக்கக் கொடுப்பார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அது நடக்கிற இடமே இல்லை. கையும் காலும் ஊன்றி, பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. அவள் முதலில் ஏறி, குப்புறப் படுத்து, அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் அலறியதைக் கேட்கக் காது கூசியது. விரல் நகம் ஒன்று பெயர்ந்து தொங்கியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ஒரு திட்டில் அவர் கால் எடுத்த மறுகணம், மிதித்திருந்த கல் பெயர்ந்து போனது. விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ரோட்ல ரிவர்ஸே கிடையாது போலிருக்கே, டீச்சரம்மா," என்றார்.

"கீழே பார்க்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது! என் மூஞ்சியைப் பாருங்க."

"அதுக்கு இதுவே தேவலாம்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இந்த மனுஷனை எப்படியாவது வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேண்டும் அவளுக்கு. மறுபடி விசிலை வாயில் வைத்து ஊதினாள். பதில் தலைக்கு மேலேயே வந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். மேகத்துக்கு நடுவில் ஆரஞ்சு நிறக் கோட்டு ஒன்று தெரிந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு ஒருவர் நின்றார்.

"மீட்புக்காரங்க கோட்டு போட்டிருக்காருங்க! அவங்கதான்! இன்னும் கொஞ்சம்தான், வாங்க!"

கடைசிப் பாறைக்கு அந்த மனிதரே குனிந்து கை கொடுத்தார். "மெதுவா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே முதலில் அவளை இழுத்தார். பிறகு இருவருமாகச் சேர்ந்து கணவரை மேலே கொண்டு வந்தார்கள். அந்த மனிதரின் கையும் இவள் கையைப் போலவே ஜில்லிட்டிருந்தது.

கணவர் தரையில் மடங்கி உட்கார்ந்து அந்த மனிதரின் காலைக் கட்டிக்கொண்டார். "நல்லா இருப்பீங்க தம்பி. உங்க பிள்ளை குட்டியெல்லாம் நல்லா இருக்கும்," என்று குழந்தை மாதிரி விம்மினார். இனி நமக்குக் கவலையில்லை என்று டீச்சர் அப்படியே பாறையில் சரிந்தாள்.

அந்த மனிதரும் அழுதுகொண்டுதான் இருந்தார். பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் முனகுவது கேட்டது. அவர் அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு விளிம்புக்குப் போய், இவர்கள் ஏறி வந்த சரிவை எட்டிப் பார்த்துவிட்டு டீச்சரிடம் கேட்டார்.

"ஸ்ட்ரெச்சர் கொண்டு வரலையா?"