ஃபீடர் ரோடு

"இன்னும் ரெண்டு மணி இருபது நிமிஷம்தான்பா இருக்கு. நீங்க எதுக்கு வர்றீங்க? ரொம்ப போரிங்கா இருக்கும்!"

கயல் இப்படிக் கேட்டதும் போனில் அப்பா சேனாபதி சிரித்தார். "பொண்ணு ஹானர்ஸ் தீசிஸ் வாசிக்கப் போறா, நாங்க வீட்டுல உக்காந்து டிவி பாக்கணுமா? பேர்லேண்ட் வீட்டுலேர்ந்து கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு."

அவர் குரலுக்கு நடுவே ஒரு லாரியின் ஹாரன் அலறியது.

"அப்பா! ஃப்ரீவேல போன் பேசாதீங்க. அம்மாகிட்ட குடுங்க."

"அம்மா இப்பப் பேச மாட்டா."

"ஏன், கோவமா?"

"போனை வைங்கன்னு சொல்றேன்ல!" அம்மா கத்தியது கயலுக்கே கேட்டது.

"சரி, சரி. பிரிண்ட் எல்லாம் எடுத்துட்டியா?" அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"லைப்ரரி பிரிண்டர் வழக்கம்போல சதி பண்ணிருச்சு. காலைல மூணு தடவ அமுக்கினேன், ஒரு பேப்பர் வரல. அப்புறம் ஸ்ம்ருதி லேப்டாப்லேர்ந்து எடுத்தேன்."

"மூணு தடவையா!" அப்பா எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு போனை வைத்தார்.

"இன்னும் உயிரணு ஆராய்ச்சின்னே நெனச்சிட்டு இருக்காங்களா?" என்றாள் அறைத்தோழி ஸ்ம்ருதி.

கயல் தலையாட்டினாள். அவள் படித்தது பயாலஜி. கூடவே கிரியேட்டிவ் ரைட்டிங்கும் எடுத்திருந்தாள். தீசிஸ் அதில்தான்: ஆறு சிறுகதைகள். வீட்டில் தீசிஸ் என்று மட்டும்தான் சொன்னாள். அம்மா எழிலரசி போன வருடமே கோயிலில் பார்த்த ஆன்டிகளிடமெல்லாம், "என் பொண்ணு கேன்சரைப் பத்தி எழுதுறா" என்று சொல்லிவிட்டாள். திருத்தக் கயலுக்கு வாய் வரவில்லை.

அதுகூடப் பெரிதில்லை. பயமெல்லாம் ஆறாவது கதையைப் பற்றித்தான். அது அம்மாவின் கதை. பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டுகிற ஒருத்தி. கோயில், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் உள்ரோட்டிலேயே. ஃப்ரீவேயில் ஏறும் இடம் வந்தால் சிக்னல் போடுவாள். உடனே பயந்துபோய் அணைத்துவிட்டு, ஃப்ரீவேயை ஒட்டியே ஓடும் ஃபீடர் ரோட்டில் போய்விடுவாள்.

பேராசிரியர்கள் வாசிக்கச் சொன்னதும் அதைத்தான்.

"வேற கதை வாசிக்கிறேன்னு கேளேன்."

"கேட்டாச்சு. அதுதான் பெஸ்ட்டாம்." சொல்லும்போதே கயலுக்குச் சிரிப்பு வந்தது. "ஸ்ம்ரு, அது நிஜமாவே பெஸ்ட்டுடி! ஆனா எங்கம்மா கேட்டா செத்தேன்."

வாசிப்பு நடக்கும் அறையில் அம்மா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். பட்டுப்புடவை கசங்கியிருந்தது. பக்கத்தில் அப்பா, மடியில் புளியோதரை டப்பாவோடு.

கயல் வாசித்தாள். முதல் பக்கத்தில் ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தாள். இரண்டாவது பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அதற்கப்புறம் அவளுக்குப் பயம் மறந்துபோயிற்று. கடைசி வரியில் அந்தப் பெண் சிக்னலை அணைத்தாள். பிறகு கைதட்டல். அப்பா எழுந்து நின்றே தட்டினார்.

அம்மா தட்டவில்லை. வலது கையை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியர்கள் மூவரும் குனிந்து ஏதோ பேசிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் எழுந்தார். ஹை ஹானர்ஸ், மூவருக்கும் ஒரே கருத்து என்றார். ஸ்ம்ருதி விசிலடித்தாள். கயல் துள்ளிய துள்ளலில் தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது.

யாருக்காவது கேள்வி உண்டா என்று அவர் கேட்டார்.

அம்மா கையைத் தூக்கினாள்.

"எண்டிங் தப்பு," என்றாள் தமிழில்.

கயல் ஓடிவந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். "அம்மா, ப்ளீஸ். அது சும்மா கதை. உன்னைப் பத்தி இல்ல."

"யார்கிட்ட விடுற? நவம்பர்ல எழுதினதுல சிக்னலை ஆஃப் பண்றா. ஜனவரில எழுதினதுலயும் ஆஃப் பண்றா. இப்பவும் ஆஃப் பண்றா. ஒரு தடவையாவது அவளைப் போக விட்டியாடி?"

"நவம்பர்ல எழுதினதா? அது உனக்கு எப்படித் தெரியும்?"

அப்பா தொண்டையைச் செருமினார். "உன் லேப்டாப்ல நம்ம வீட்டு பிரிண்டரை செட் பண்ணிக் குடுத்தேன்ல, நீ அதை மாத்தவே இல்ல. நீ லைப்ரரில அமுக்கினது எல்லாம் நெட் வழியா நம்ம வீட்டுலதான் வந்து விழுது. இன்னைக்குக் கிளம்புறப்ப மூணு காப்பி."

கயல் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளே கார் சாவி. அழுத்திப் பிடித்ததில் அதன் தடம் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"மாத்தி எழுது," என்றாள். "பேர்லேண்ட்லேர்ந்து இங்க வரைக்கும், ஃப்ரீவேல, வண்டிய ஓட்டிட்டு வந்தது நான்தான்."