நெசவாளர் சந்தின் ஒரே ஓட்டு

"யாருக்குய்யா உன் ஓட்டு?" மேடையில் இருந்த குமாஸ்தா மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

ஜேபஸ் வாயைத் திறந்தான். "ப" என்றான். மறுபடியும் "ப, ப" என்றான். அதற்கு மேல் வரவில்லை.

கூட்டத்தில் ஆலைக்காரர் பக்கம் நின்ற ஒருவன் அதே மாதிரி சொல்லிக்காட்ட, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மேடைக்குக் கீழே முண்டியடித்து முன்னால் வந்து நின்றிருந்த டாமரிஸ், தன் புருஷனின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகர மண்டபக் கடிகாரத்தில் நான்கு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. நான்கு அடித்தால் ஓட்டு எழுதும் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

நெசவாளர் சந்தில் வீடு நாற்பத்தொன்று. ஓட்டு ஒன்றே ஒன்று.

வருடத்துக்குப் பத்து பவுன் வாடகை பெறுகிற வீட்டில் இருக்கும் ஆணுக்குத்தான் ஓட்டு என்பது சட்டம். மரச்செருப்புப் பட்டறையும் வீடுமாகச் சேர்த்து அந்த அளவைத் தொட்டவன் ஜேபஸ் ஒருத்தன்தான். மற்ற நாற்பது வீட்டு ஆண்களுக்கும் கிடையாது. பெண்களுக்கு உண்டா என்று கேட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

அதனால் சந்தே கூடி உட்கார்ந்து முடிவெடுத்தது. நம்ம ஓட்டு ஆலை முதலாளி ஹேலிக்கு இல்லை, பார்கிட்டருக்கு. ஏழை பாழை எல்லாருக்கும் ஓட்டு வேண்டும் என்று பேசிய மனிதர் அவர் ஒருவர்தான்.

முதலாளியின் ஆட்கள் குடிக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று, மூன்று நாள் ஜேபஸை ஒரு சொட்டு பீர் தொடவிடாமல் காவல் காத்தார்கள். காவல் காத்தவர்களில் பாதிப் பேர் மூன்று நாளும் குடித்தார்கள் என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும் யோசித்தவர்கள், ஜேபஸுக்குத் திக்குவாய் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. தினமும் கேட்டுக் கேட்டுப் பழகியதில் அது யாருக்கும் நினைவிலேயே இல்லை. ஓட்டு என்றால் ஊர் முன்னால் மேடையேறி, பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.

ஜேபஸ் சட்டைப் பையில் துழாவி, பெயர் எழுதிய காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"காகிதத்துல எல்லாம் ஓட்டுப் போடக்கூடாது" என்றான் ஹேலியின் ஏஜென்ட். குமாஸ்தாவும் அதற்குத் தலையாட்டினார். ஏஜென்ட் குரலில் தேன் தடவிக்கொண்டான். "ஹேலின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய்யா. சின்னப் பேரு. மூச்சு விட்டாலே வந்துரும்."

அது நிஜம். அந்தப் பெயர் ஜேபஸுக்கு ஒருநாளும் திக்கியதில்லை.

ஜேபஸ் உதட்டை இறுக்க மூடிக்கொண்டான். அந்த நிமிடத்தில் டாமரிஸுக்கு அவன் மேல் பொங்கிய பிரியம் கொஞ்சநஞ்சமல்ல.

இன்னும் நான்கு நிமிடம்.

கோபம் வந்தால் அவனுக்குத் திக்காது. ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் அது தெரியும். ஆனால் கோபம் வர வேண்டுமே. சுத்தியல் விரலில் விழுந்தால் சுத்தியலிடமே மன்னிப்புக் கேட்கிற ஜென்மம். இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் இரண்டே தடவை பார்த்திருக்கிறாள்.

டாமரிஸ் இடுப்பில் கை வைத்தாள்.

"ஏன்யா, இப்ப வாய் வரலியா உனக்கு? எம்புள்ள ரூபன அந்தக் கூட்டத்துக்கு வா வான்னு கூப்புட்டப்ப மட்டும் வாய் இருந்துச்சா? நீதான்யா கூட்டிட்டுப் போயி குண்டுக்குக் குடுத்த. யாருக்காகக் குடுத்தன்னு சொல்லேன்யா."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

ஓட்டுரிமை கேட்டுத் திரண்ட கூட்டத்தின் மேல் பட்டாளம் சுட்டுப் பத்து வருடம் ஆகிறது. ரூபனுக்கு அப்போது பதினேழு வயது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து போனார்கள், அப்பா மட்டும் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொன்னதில்லை.

ஜேபஸின் முகம் ரத்தமாகச் சிவந்தது. மேடைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துக் குனிந்தான்.

"பார்கிட்டருக்குடி. என் ஓட்டு பார்கிட்டருக்குத்தான். அதைக் கேக்கப் போயித்தாண்டி எம்புள்ள செத்தான்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். ஏஜென்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கடிகாரம் நான்கு அடித்தது.

சந்தே டாமரிஸ் மேல் வந்து விழுந்தது. அடுத்த வீட்டுத் தபித்தா அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அடியே, என்னா நடிப்புடி. நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன்."

டாமரிஸ் சிரிக்கப் பார்த்தாள்.

பார்கிட்டர் அறுபது ஓட்டில் தோற்றுப்போனார். சந்து அதற்காக ஒன்றும் அழவில்லை. தங்கள் ஓட்டு புத்தகத்தில் ஏறிவிட்டது என்கிற சந்தோஷத்தில், மூன்று நாள் காவலுக்கும் சேர்த்து வைத்துக் குடிக்கப் போனது.

புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். எப்போதும் அவள் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு நடப்பவன், இன்று ஒரு முழம் தள்ளி நடந்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பாலத்தில் ஜேபஸ் நின்றான்.

"பத்து வருஷமா இத மனசுல வச்சிக்கிட்டுத்தான் எனக்குச் சோறு போட்டியா, டாமரிஸ்?"

ஓர் எழுத்துகூடத் திக்காமல் கேட்டான்.