வலது கால் மட்டும்

பாதம் கழுவும் சடங்குக்குப் பாதத்தைக் கழுவாமல் வருகிறவர்கள் அந்தக் கோயிலில் ஒருவரும் கிடையாது.

பெரிய வியாழன் அன்று, இயேசுவின் சீடர்கள் கணக்கில் போட்ட பன்னிரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, குதிகால் வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அழுக்குக் காலை ஆண்டவர் முன்னால் நீட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

ஒன்பதாவது நாற்காலியில் ஊசியக்கா. முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவள். கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் கையால் ஊசி போட்டிருக்கிறாள், பெயர் ஒட்டிக்கொண்டது.

ஃபாதர் இன்னும் மூன்று நாற்காலி தள்ளி முழங்காலிட்டிருந்தார். ஒரு குவளைத் தண்ணீர், துண்டால் ஓர் ஒற்று, ஒரு முத்தம். வலது கால் மட்டும். அங்கே அதுதான் வழக்கம்.

அக்காவின் வலது கால் வெறுங்காலாகத் தயாராக இருந்தது. இடது கால், போன வருடம் போலவே, காலுறையும் ஷூவுமாகச் சேலைக்குள் ஒளிந்திருந்தது.

போன வருடம் அந்த உள்ளங்காலில் ஒரு புண். சர்க்கரைப் புண் என்று பார்த்த உடனே அவளுக்குத் தெரியும். அது எங்கே போய் முடியும் என்றும் தெரியும்.

ஆனால் ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் எல்லாம் அவள் பழக்கிவிட்ட பிள்ளைகள். அவர்கள் முன்னால் போய்க் கட்டிலில் படுப்பதா? “காலைக் காட்ட என்னய்யா வெக்கம்?” என்று வார்டில் எத்தனை பேரை வறுத்தெடுத்தவள்!

கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தானே கட்டுப் போட்டாள். வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்வது நன்றாகவே இருந்தது. கொஞ்சம் புனிதமாகக்கூட இருந்தது.

போன வருடச் சடங்கு முடிந்த மறுவாரமே மகள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனவள், எட்டு மாதம் கழித்துத்தான் திரும்பினாள். கையில் தடி. கேட்டவர்களிடம் எல்லாம் மூட்டு வலி என்றாள். ஊசியக்கா சொன்னால் மறுபேச்சு ஏது?

ஃபாதர் எட்டாவது நாற்காலிக்கு வந்துவிட்டார்.

ஆயிரம் பேர் காலடியில் குனிந்து சீழ் துடைத்தவள் அவள். குனிவது அவளுக்குக் கைவந்த கலை. நீட்டுவதுதான் வராது. குனிந்ததை எல்லாம் தாழ்மை என்று இத்தனை நாள் நம்பிவிட்டோமே என்று நினைத்தாள்.

இப்போது ஃபாதர் அவள் முன்னால். சிரித்தபடி வலது காலை நோக்கிக் கையை நீட்டினார்.

அக்கா வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“இது வேணாம் ஃபாதர். அந்தக் காலு.”

குனிந்து, ஷூவின் நாடாவை அவளே அவிழ்த்தாள். பின்வரிசையில் யாரோ இருமுவது கேட்டது. காலுறையை உருவி, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கோயிலே பார்க்கட்டும் என்று.

பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஃபாதர் இரண்டு கையாலும் அந்தப் பாதத்தை ஏந்தி, மற்றவர்களுக்கு ஊற்றியது போலவே தண்ணீர் ஊற்றினார். விரலிடுக்குகளைத் துடைத்தார். வழவழவென்றிருந்த அந்தப் பிளாஸ்டிக் பாதத்தின் மேல் உதட்டை வைத்தார்.

அக்கா அழுதாள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. போன வருடம் நீட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.