கொஞ்சம் காத்துப் படட்டும்

“ஃபோன இன்னும் கிட்ட கொண்டு போ புஷ்பா. தொடை மடிப்பக் காட்டு.”

உக்குவளை ரயில் நிலையத்துக்கு வெளியே நின்ற ஓட்டோவில் அமர்ந்து, அழகமுத்து கைபேசித் திரையை உற்றுப் பார்த்தான். திரையில் ஒரு குழந்தை காலை உதைத்து அழுதது. தொடை இடுக்கும் பின்புறமும் செக்கச் செவேலென்று சிவந்திருந்தன.

“நேத்து இவ்வளவு இல்லங்க,” என்றாள் அவன் மனைவி புஷ்பவதி. குரலைத் தாழ்த்தியே பேசினாள். “பல்லு வருது. நாலஞ்சு தரம் வயித்தால போயிருச்சு. அவங்க வந்து பார்த்தா என்னையத்தான் ஏசுவாங்க.”

“பதறாத. பவுடர் போட்டியா?”

“போட்டேன்.”

“இனி போடாத. இளஞ்சூட்டுத் தண்ணியால கழுவு. பருத்தித் துணியால ஒத்தி எடு, தேய்க்காத. பொறகு நெப்பி இல்லாம கொஞ்சம் காத்துப் படட்டும்.”

“விரிப்பு நனைஞ்சிருமேங்க.”

“அடியில ஒரு துண்டப் போடு. நல்லாக் காஞ்ச பொறகு சிங்க் கிரீம கெட்டியாப் பூசி, நெப்பிய லூசாக் கட்டு. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாரு. வெளிக்குப் போனா உடனே மாத்திரு. கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, ரெண்டு மூணு நாள்ல கொறையலன்னாலோ டொக்டர்கிட்ட காட்டச் சொல்லிரு.”

அழகமுத்து நாக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பினான். குழந்தை அழுகையை விட்டுவிட்டு ஈறு தெரியச் சிரித்தது. புஷ்பவதியும் சிரித்துவிட்டாள்.

பின் இருக்கையில் ஏறியிருந்த சுசீலாதேவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாத்தளைக் கச்சேரிக்கு, மாவட்ட அரச அலுவலகத்துக்கு, மாற்றலாகி, உக்குவளையில் வீடெடுத்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

“ஆம்பிளையள் இவ்வளவு விபரமாச் சொல்லி நான் கேட்டதில்லை, தம்பி. எத்தினை மாதம் பிள்ளைக்கு?”

“எட்டு மாசம், மிஸ்.”

“எங்க இதெல்லாம் படிச்சனீர்?”

“எனக்கு மூணரை வயசுல ஒரு மக இருக்கா மிஸ். அவளுக்கும் இப்படித்தான் வந்திச்சு. அப்ப கிளினிக்ல மிட்வைஃப் சொல்லிக் குடுத்தாங்க.”

“மனுசி தாய் வீட்டிலயாக்கும். பாவம், தனியக் கிடந்து பயப்பிடுது. கெதியாக் கூட்டிக்கொண்டு வாரும்.”

அவன் புன்னகைத்தான். ஓட்டோவைக் கிளப்பினான்.

நான்கு நாள் கழித்து மறுபடி ஏறியபோது, சுசீலாதேவி முதலில் அதைத்தான் கேட்டார்.

“நல்லா ஆறிருச்சு மிஸ். காலையில காட்டினா. பூப்போல இருக்கு.” அழகமுத்துவின் முகம் மலர்ந்திருந்தது. “மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல.”

அவர் கைப்பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து நீட்டினார். வெள்ளைப் பருத்தித் துணியில் தைத்த ஆறு சின்ன நெப்பிகள்.

“நான்தான் தைச்சனான். துணி நெப்பியெண்டா பகல்ல கொஞ்சம் காத்தோட்டமா இருக்கும். மனுசி பிள்ளையோட வரேக்க குடும்.”

அழகமுத்து ஓட்டோவை ஓரங்கட்டினான். பொதியை இரண்டு கையாலும் வாங்கி, மேல் துணியை மெல்லத் தடவிப் பார்த்தான்.

“பிள்ளை வராது மிஸ். அது குவைத்துல புஷ்பா வேலை செய்யிற வீட்டுப் பிள்ளை. எங்க மகளுக்கு இந்தப் புண்ணு வந்தப்பவும் அவ அங்கதான் இருந்தா. இங்க கழுவிப் பூசினதெல்லாம் நான்தான்.”