ஒரு ஓரம்தான்

சேகரிப்புக்காக வாங்கி, மதிப்பை உறுதிசெய்யத் தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பிய கால்பந்து வீரர் படக் கார்டு, ‘ஓரம் வெட்டப்பட்டது, தரம் போட இயலாது’ என்று திரும்பி வந்தது. அதை விற்ற நண்பனை வீட்டுக்கே வரவழைத்துக் கத்தினான் கணவன்.

“என் தலையிலேயே மிளகாய் அரைச்சிட்டியேடா!”

தூசி தட்டும்போது மடங்கிப்போன ஓரத்தைக் கத்தரியால் நறுக்கிச் சரிசெய்தவள் மனைவிதான். சொல்லிவிட வாயெடுத்தாள்.

அதற்குள் நண்பன் தலைகுனிந்தான். “மன்னிச்சிடு மச்சான். விக்கிறதுக்கு முன்னாடி நான்தான் வெட்டினேன்.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

“ரெண்டு ஓரம் வெட்டியிருக்குன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கான்!”

“சத்தியமா ஒரு ஓரம்தான்டா!”

“இப்பவும் பொய்யா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!”

செருப்பை மாட்டிய நண்பன் அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. “நீயாவது நம்பும்மா தங்கச்சி. நான் வெட்டினது ஒரு ஓரம்தான்.”

அவள் ஒருத்தி அதை முழுசாக நம்பினாள்.