எக்ஸ்-ரே அறைக்குப் போகிற வழியில்

“ஃபைலைக் கொடுங்க சார். அப்படியே சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு லெட்டரும்.”

கேட்டுவிட்டாள்.

அப்பாவைச் சேர்த்த அன்றே சிஸ்டர் சொல்லியிருந்தார். எக்ஸ்-ரே அறைக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகலாம், திறக்கக் கூடாது. அப்பா அதற்கும் மேல். டாக்டர்கிட்ட எதையும் கேட்டுறாத தாயி, கோவப்பட்டா நம்மளப் பார்க்க மாட்டாரு.

டாக்டர் நிமிரவில்லை.

“மூக்கையா மகதானே? நெஞ்சுல டி.பி.ன்னு மாத்திரை ஓடுதுல்ல. இன்னும் மூணு மாசம்.”

“ஆறு மாசம் ஓடிருச்சு சார். இதயத்தைச் சுத்தி மூணு தடவை நீர் எடுத்தீங்க. மூணு தடவையும் ரத்தம். ஒண்ணுலகூட டி.பி. கிருமி இல்ல.”

“என்ன படிச்சிருக்க?”

“பி.காம்.”

“பி.காம்ல இதயமெல்லாம் சொல்லித் தர்றாங்களா?”

பின்னால் நின்ற பயிற்சி டாக்டர்கள் இருவரும் சிரித்தார்கள்.

“இல்ல சார். கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கச் சொல்லித் தந்தாங்க.”

அந்த வார்டில் புதுத் தாளை மேலே வைத்துக் கட்டுவார்கள். ரவுண்ட்ஸில் மேல் தாளை மட்டும் பார்ப்பார்கள். போன மாதம் இதயத்துக்கு எடுத்த எக்கோ ஸ்கேன் ரிப்போர்ட் முப்பது தாளுக்கு அடியில் கிடந்தது. எக்ஸ்-ரேக்குப் போகிற வழியில் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவள் ஃபைல் கயிற்றை அவிழ்த்துப் பார்த்திருந்தாள்.

வலது மேலறைச் சுவரில் கட்டி? எம்.ஆர்.ஐ. எடுக்கவும்.

ஆங்கிலத்தில் இரண்டே வரி. கீழே யாருடைய கையெழுத்தும் இல்லை.

“எக்கோவுல கட்டின்னு போட்டிருக்கே சார், கேன்சரா இருந்தா?”

“இதயத்துலயே கேன்சர் ஆரம்பிக்கிறது லட்சத்துல ஒண்ணுகூடக் கிடையாது. என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்ல.”

“அந்த ஒண்ணும் யாராவது ஒருத்தர் வீட்லதானே சார் இருக்கும்.”

சிரிப்பு நின்றது.

அவர் ஃபைலை இழுத்தார். தாள்களைப் புரட்டினார். அடியில் எக்கோ தாளில் கை நின்றது.



“உட்காரும்மா.”

ஆறு மாதத்தில் முதல் தடவை. அவள் உட்காரவில்லை.

“ஸ்கேனுக்கு நானே எழுதறேன். இங்கேயே ஒரு வாரத்துல…”

“சதை எடுத்துப் பார்க்கணும் சார். ஆபரேஷன்னாலும் அங்கதான். லெட்டர் மட்டும் போதும்.”

“அதுவாவே இருந்தா, ஆபரேஷன் பண்ணினாலும்…”

அவர் முடிக்கவில்லை. அந்த மிச்சத்தை அவள் போனில் படித்திருந்தாள். அங்கே வருடங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. மாதங்களைப் பற்றித்தான்.

“தெரியும் சார். எழுதுங்க.”

எழுதினார். நோய் என்ற இடத்தில் டி.பி. என்று தொடங்கி, அடித்தார். சீல் விழும்வரை அவள் நகரவில்லை.

ஃபைலையும் லெட்டரையும் எடுத்துக்கொண்டு, வார்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் படி இறங்கினாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே அப்பா, போர்வையும் பையும் மடியில்.

அவரை ஏற்றி உட்காரவைத்துவிட்டுத்தான் அவள் மேலே போயிருந்தாள்.