சேர்த்துக் கணக்கிடப்பட்ட ஊர்

“படத்துல இல்லாத ஊருக்கு மழை பெய்யுமாப்பா?” என்று மகள் சின்ன வயதில் ஒருமுறை கேட்டாள்.

விரித்துப் போட்டிருந்த ஆற்று வரைபடத்தின் மேல் மோவாயை ஊன்றிக்கொண்டு கேட்டாள். மழைக்குப் படம் படிக்கத் தெரியாதென்று சொல்லிச் சிரித்துவிட்டார் பொறியாளர்.

மழைக்குத்தான் தெரியாது. வாய்க்காலுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆற்றின் திட்டம் நாளைக் காலையில் மேலிடத்துக்குப் போகிறது. எந்த நிலத்துக்கு எவ்வளவு தண்ணீர், எங்கே மதகு, மதகின் சாவி யார் கையில், எல்லாம் அதில் இருக்கிறது. போய்விட்டால் பிறகு ஒரு கோட்டை மாற்ற ஒரு தலைமுறை ஆகும்.

அவருக்குக் கண் எரிந்தது. இடுப்பு எப்போதோ கைவிட்டிருந்தது.

வாய்க்காலின் கடைசியில் ஒரு சின்ன ஊர் இருந்தது. தரையில் இருந்தது, திட்டத்தில் இல்லை.

அது இந்தத் தொழிலின் பழக்கம். நிலம் கொஞ்சமாக உள்ள ஊரைப் பக்கத்துப் பெரிய ஊரோடு சேர்த்துவிடுவார்கள். கணக்கு சுலபமாகும். சின்ன ஊரின் தண்ணீர் பெரிய ஊரின் பங்கில் ஏறிக்கொள்ளும். காகிதத்தில் ஒரு சொட்டும் குறையாது.

ஆனால் சாவி பெரிய ஊரிடம் இருக்கும். வறண்ட ஆண்டில் அப்படிப்பட்ட மதகு கீழ்ப்பக்கம் திறக்காது. ஒருபோதும் திறந்ததில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற மேலதிகாரியிடம் அதைச் சொன்னார்.

“ஏங்க, அதைப் பிரிச்சா மொத்தக் கணக்கையும் மறுபடி போடணும். மனுஷனுக்கு வீடு வாசல் வேண்டாமா? பிரிக்கிறதும் சேர்க்கிறதும் உங்க பாடு, நான் கெளம்பறேன்.”

அறை காலியாயிற்று. துடைக்க வந்த அம்மாள் வாளியை நங்கென்று வைத்தாள்.

“இன்னுமா போகல? உங்க ஆறு ஒண்ணும் எழுந்திரிச்சு ஓடிடாதுய்யா, காலையில வந்து பாத்துக்கலாம்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அவளும் துடைத்துவிட்டுப் போனாள்.

கணினியை அணைக்கக் கை போனது. சேர்த்தது சேர்த்ததாகவே இருக்கட்டும். யார் கேட்கப் போகிறார்கள்? சின்ன ஊரில் யாருக்கும் தாங்கள் விடுபட்டதுகூடத் தெரியாது.

“கடவுளே” என்றார் வாய்விட்டு. கையை இழுத்துக்கொண்டார்.

வாய்க்காலின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தார். அதற்கென்று ஒரு பங்கு, ஒரு மதகு, ஒரு சாவி.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. பங்கிட்ட நீர் பங்கிட்டதுதான். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவரிடம் எடுத்தாக வேண்டும். பெரிய ஊரின் பங்கைத் திறந்து, கூடுதலாக ஏறியிருந்ததைக் கழித்தார். மற்ற ஊர்களின் கணக்கையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

முடித்ததும் திட்டத்தைச் சேமித்துவிட்டுக் கணினியை அணைத்தார்.

பெரிய ஊர் அவர் பிறந்த ஊர். வாய்க்கால் முதலில் தொடுவது அவருடைய அண்ணனின் வயலை. திட்டம் வெளியானால் அண்ணன் வெகுநாள் முகங்கொடுத்துப் பேசமாட்டார்.

பொறியாளர் கைக்குழந்தையாய் இருந்தபோது ஒரு வெள்ளம் வந்தது. பெரிய ஊரில் கூரை வரை தண்ணீர் தேங்கி நின்றது. அது வடிய ஒரே வழிதான் இருந்தது. கீழே இருந்த அந்தச் சின்ன ஊர்க்காரர்கள், கதிர் முற்றி நின்ற தங்கள் வயலின் கரையைத் தாங்களே வெட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று பெரிய ஊரில் யாரும் விசாரிக்கவில்லை. நன்றி சொல்லவும் ஒருவர்கூடக் கீழே போகவில்லை.

அவர் விளக்கை அணைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கினார்.